வேலைக்குப் போகிறவருக்கு விசிட் விசா எதற்கு?

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 31. கணவருக்கு 36. மணலிப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பன்னிரண்டு வருடமாக வெல்டிங் வேலை செய்கிறார். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது, தொழில் கைப்பழக்கத்தில் வந்தது. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. குடியிருப்பது கொடுங்கையூரில் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டிய வீடு. அவர் மூன்று வருடத்துக்கு முன்பு உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட் ஒருவர், துபாயில் 1,800 திர்ஹம் சம்பளத்தில் வெல்டர் வேலை என்று சொல்லி 1,20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அதில் 80,000 ரூபாய் ஐந்து வட்டிக்குக் கடன். மீதி, வாசகியின் நகையை அடகு வைத்தது.

இன்னும் பதினொரு நாளில் விமானம். கைக்கு வந்திருப்பதோ அறுபது நாள் விசிட் விசா. "இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு வேலை விசா கிடைக்காது. போனதும் கம்பெனியே மாத்திக் கொடுத்துடும். எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்கிறாராம் ஏஜென்ட். இதற்கு நடுவில் கணவரின் அண்ணன், வீட்டு விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜெனரல் பவர், அதாவது தம்பியின் சார்பில் எல்லாம் செய்ய அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார். வீடு முழுக்க விருந்தாளிகள், பார்சல்கள், பெட்டியை எடை போடும் அமளி. வாசகிக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது. வாய் திறந்தால் "நல்ல காரியத்துக்குப் போகும்போது குறுக்கே பேசுறா" என்று மாமியார் சொல்லிவிடுவாரோ என்ற பயம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் கணவர் பீரோ கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். மகள் பிளாஸ்டிக் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இமிகிரேஷன் ஆபீசர் மாதிரி "எதுக்குப் போறீங்க?" என்று கேட்கிறாள். "மாமா பையனைப் பார்க்க, ஊர் சுத்திப் பார்க்க" என்கிறார் இவர். "எங்க தங்குவீங்க?" என்று அடுத்த கேள்வி. ஏஜென்ட் சீட்டில் எழுதிக் கொடுத்த ஓட்டல் பெயர் இவர் வாயில் நுழையவில்லை. குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீங்கள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறீர்கள்.

நீங்கள் அழுததற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து கற்ற தொழிலைச் செய்யப் போகிற மனிதர், போகிற காரணத்தை மறைக்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு அவரிடம் இல்லை, அவர் கையில் கொடுக்கப்பட்ட காகிதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும். வழக்கறிஞராக என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் துபாய் போகலாம், நன்றாகச் சம்பாதிக்கலாம். ஆனால் இந்த விசாவில், இந்த விமானத்தில் போக வேண்டாம்.

இ.சி.ஆர். என்பது தடை இல்லை

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருப்பதை ஏதோ குறைபாடு போல ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். உங்கள் கணவரும் அதை நம்பிக் கூசிப்போயிருக்கிறார். அதன் பொருள் வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகும்போது, அங்கே ஏமாற்றப்படாமல் இருக்க, கிளம்பும் முன்பு அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்த்து அனுமதி தரவேண்டும். இது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் ஏற்பாடு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். அனுமதி கொடுப்பவர் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி. அந்த அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. விண்ணப்பம் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாகப் போகிறது.

ஆகவே இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு வேலை விசா கிடைக்காது என்பது பொய். வேலை விசா கிடைக்கும், அதோடு இந்த அனுமதியும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதிக்குப் போனால் கம்பெனி யார், சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்றெல்லாம் கேட்பார்கள். சுற்றுலா போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அந்த ஓட்டையைத்தான் ஏஜென்ட் பயன்படுத்துகிறார். கேள்வி வராத வழியில் அனுப்பினால் அவருக்கு வேலை சுலபம். பிறகு வரும் எல்லாக் கேள்விக்கும் உங்கள் கணவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும்.

"போனதும் மாற்றிக் கொடுப்பார்கள்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அமீரகத்துக்குள் இருந்தபடியே விசிட் விசாவை வேலை விசாவாக மாற்ற கம்பெனிக்கு வழி உண்டு, சிலருக்கு மாறியும் இருக்கிறது. ஆனால் அது முழுக்க முழுக்கக் கம்பெனியின் மனசைப் பொறுத்தது. மாறும்வரை அவர் ஒரு நாள் வேலை செய்தாலும் அந்த நாட்டுச் சட்டப்படி தப்பு, பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சம்பளம் தரவில்லை என்று தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கப் போனால், "உன் பெயரில் வேலை அனுமதியே இல்லையே" என்பார்கள். அறுபது நாள் தாண்டிவிட்டால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அதைக் கட்டாமல் ஊர் திரும்பவும் முடியாது. இதற்கெல்லாம் முன்னால் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்றால் டிக்கெட் காசும் போய்விடும்.

இன்னொன்று. முறையான அனுமதியோடு போகிற இ.சி.ஆர். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு வரும். உயரத்தில் நின்று வெல்டிங் செய்கிறவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விசிட் விசாவில் போனால் இது கிடையாது.

இந்தப் பதினொரு நாளில்

முதலில் ஏஜென்ட்டிடம் இரண்டே விஷயம் கேளுங்கள், நேரில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். ஒன்று, அவருடைய பதிவு எண். ஆள் அனுப்பும் ஏஜென்ட் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் இ-மைக்ரேட் தளத்தில் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா காலாவதியா என்பதும் தெரியும். "எங்க ஹெட் ஆபீஸ் மும்பையில, அவங்ககிட்ட லைசன்ஸ் இருக்கு, நான் அவங்க ஆள்" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். சப்-ஏஜென்ட் என்ற பெயரில் பணம் வாங்க யாருக்கும் உரிமையில்லை. பதிவில்லாமல் ஆள் அனுப்புவது குற்றம்.

இரண்டாவது, வேலைக்கான ஆஃபர் லெட்டர். கணவர் ஏதோ ஒரு ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட்டதாகவும், நகல் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபு, ஆங்கிலத்தோடு வேறு பல மொழிகளிலும் கிடைக்கும். அதில் தமிழும் உண்டு. அடிப்படைச் சம்பளம், படி, வேலை நேரம், தங்குமிடம் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் போடும் ஒப்பந்தமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் கணவர் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார் என்கிறீர்கள். தன் சம்பளத்தைத் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வசதி இருக்கும்போது எதற்கு இருட்டில் போட வேண்டும்?

கொடுத்த பணத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். "விசாவுக்கே லட்ச ரூபாய் ஆகும்" என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் தன் சேவைக்கு வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, ஆளை வேலைக்கு எடுக்கும் செலவு முதலாளியுடையது, அதைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது.

ரொக்கமாகக் கொடுத்தீர்கள், ரசீது இல்லை. பரவாயில்லை, இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, போன மாசம் இன்ன தேதியில 70,000, இன்ன தேதியில 50,000, மொத்தம் 1,20,000 உங்ககிட்ட கொடுத்தோம். வேலை விசா எப்ப வரும்?" சண்டை வேண்டாம், மிரட்டல் வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். அவர் "வரும்மா, பொறுங்க" என்று ஒரு வரி பதில் போட்டாலும் பணம் வாங்கியதற்கு அது உதவும் சாட்சி. அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு போனில் வையுங்கள். விசிட் விசாவும் விமான டிக்கெட்டும் வந்த செய்திகளையும் சேர்த்து வையுங்கள். வேலை விசாவும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் இயங்கும் மத்திய குற்றப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். மோசடிக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090.

"கடன் வட்டி ஏறுமே, தள்ளிப்போட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 80,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 4,000. வேலை விசா வர இரண்டு மாதம் ஆனால் 8,000. டிக்கெட் தேதி மாற்ற ஒரு தொகை. அதே இரண்டு மாதமும் அவர் மணலியில் வேலைக்குப் போனால் சம்பளம் வரும். இன்னொரு பக்கம், சம்பளமில்லாமல், அபராதத்தோடு அவர் மாட்டிக்கொண்டால் அங்கிருந்து மீட்டு வர எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 8,000 பெரிய தொகைதான், உங்கள் வீட்டுக்கு அது மூன்று மாத மளிகை. ஆனாலும் எல்லை தெரிந்த நஷ்டம்.

ஐந்து வட்டி என்பது வருடத்துக்கு 60 சதவீதம். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இப்படிப்பட்ட வட்டிக்காக வந்ததுதான். கடன் வாங்கும்போது உங்கள் கணவர் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோ நோட்டு (கடன் உறுதிச் சீட்டு) இரண்டும் இப்போதைக்கு உங்களுக்குப் பெரிய ஆபத்து. தொகையை எழுத வைத்து, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ நகைக் கடன் மாற்றி வாங்கி, இந்தக் கடனை முதலில் அடைக்கப் பாருங்கள்.

அண்ணன் கேட்கும் பவர்

உங்கள் மூத்தார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகு தம்பி கல்யாணச் செலவில் பாக்கியிருந்த கடனை அவர்தான் அடைத்தார் என்று நீங்களே நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஜெனரல் பவர் என்பது கரண்ட் பில் கட்டுவதற்கான சீட்டு இல்லை. அந்த வரைவில் "விற்கவும், அடமானம் வைக்கவும், முன்பணம் பெறவும்" என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியோடு கையெழுத்துப் போட்டால், உங்கள் கணவர் துபாயில் இருக்கும்போதே அவர் பங்கை அண்ணன் இன்னொருவருக்குக் கிரயம் செய்து கொடுக்கலாம், சட்டப்படி அது செல்லும். மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கே ஒரு பணக் கஷ்டம் வந்தால் அந்த ஒரு வரி அவரைச் சோதிக்கும். சொந்த அண்ணனை அப்படி ஒரு சோதனையில் ஏன் நிறுத்த வேண்டும்?

இதில் மூன்று தவறான நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. "இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும்" என்பது ஒன்று. தமிழ்நாட்டில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். "கிளம்பிவிட்டால் அப்புறம் பவர் கொடுக்கவே முடியாது" என்பது இரண்டாவது. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று பெற்று அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆகவே இந்த அவசரத்துக்குக் காரணமே இல்லை. மூன்றாவது, "நாத்தனாருக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்தாயிற்று, வீட்டில் பங்கில்லை" என்பது. உயில் இல்லாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சரிபங்கு. உங்கள் மாமியார், மூத்தார், உங்கள் கணவர், நாத்தனார் என்று நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. சீர் செய்ததால் அது போய்விடாது. நாத்தனார் கையெழுத்தில்லாமல் இந்த வீட்டில் முழுமையான எந்தக் கிரயமும் நடக்காது என்பதை அண்ணன் தம்பி இருவரும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அண்ணனுக்கு உண்மையில் தேவைப்படுவது பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு பெயர் மாற்றம். அதற்கு முதலில் வேண்டியது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பித்தால் போதும். அதன் பிறகும் பவர் தேவையென்றால், இந்த மூன்று வேலையை மட்டும் பெயர் சொல்லி எழுதிய ஸ்பெஷல் பவர் கொடுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதை அண்ணன் பெயரில் கொடுக்கலாம், உங்கள் பெயரிலும் கொடுக்கலாம்.

நகை, சிம், வங்கி

நகை அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று உடனே எடுத்துப் பாருங்கள். திருவொற்றியூரிலிருந்து என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு, மகன் வெளிநாட்டிலிருந்து முழுப் பணமும் அனுப்பியும் நகையை மீட்க முடியவில்லை. சீட்டு மகன் பெயரில் இருந்தது, "கையெழுத்துப் போட்டவர் வந்தால்தான்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கெடு தாண்டுவதற்கு நான்கு நாள் முன்பு அந்த அம்மா சீட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் நகை, உங்கள் பெயரில் சீட்டு இருக்கட்டும். கணவர் ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

அவருடைய போன் நம்பர் இன்னொரு விஷயம். ஆதார், வங்கி, கேஸ் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருகிறது. துபாய் சிம் வாங்கியதும் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு, 90 நாள் பயன்படுத்தாமலும் ரீசார்ஜ் செய்யாமலும் விட்டால் நம்பர் கைவிட்டுப் போய்விடும், வேறு யாருக்காவது போகவும் வாய்ப்புண்டு. ரீசார்ஜை நிறுத்தாதீர்கள்.

"அவர் ஏ.டி.எம். கார்டை வைத்துச் சமாளித்துக்கொள்வேன்" என்கிறீர்கள். வேண்டாம். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள், வீட்டுச் செலவுப் பணம் அதற்கே வரட்டும். மனைவிக்குக் கணவர் அனுப்பும் பணத்துக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது. வேலை விசாவில் போன பிறகு அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து அனுப்பிச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம். வங்கியில் கேட்டால் படிவம் தருவார்கள்.

பெட்டிக்குள்

கடைசியாக, நீங்கள் பெரிதாக நினைக்காமல் போகிற போக்கில் எழுதிய ஒன்று. இரண்டு கிலோ கறி மசாலா மெஷினில் அரைத்து வைத்திருக்கிறீர்கள், "கசகசா தூக்கலா போட்டு, அவருக்குப் பிடிச்ச மாதிரி" என்று. அந்தப் பொட்டலம் பெட்டியில் போகக் கூடாது. நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கசகசா அபினிச் செடியின் விதை. அமீரகத்திலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், கொஞ்சமாக இருந்தாலும் வழக்குதான். கசகசா இல்லாமல் வேறு அரைத்துக் கொடுங்கள்.

முதுகு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை என்றீர்கள், பெயர் எழுதவில்லை. அட்டையின் பின்புறம் பாருங்கள். டிரமடால், கோடீன், பிரிகாபலின் இவற்றில் எது இருந்தாலும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டரிடம் காட்டி மாற்று மருந்து எழுதி வாங்குங்கள். கட்டாயம் அதே மருந்து வேண்டுமென்றால், மருத்துவர் சீட்டோடு அந்த நாட்டு அரசின் இணைய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷார்ஜாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்ன நாலு பார்சலையும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். முறுக்கு, ஊறுகாய் என்று கண்ணால் பார்த்தால் எடுத்துப் போகலாம். "ஒட்டினதைப் பிரிக்காதீங்க" என்று சொல்கிற பார்சலை, அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டி யாருடையதோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இதையெல்லாம் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறீர்கள். "போகாதே" என்ற வார்த்தையே வேண்டாம், அது உங்கள் எண்ணமும் இல்லை. விருந்தாளிகள் போன பிறகு மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த விசாத் தாளை அவர் கையிலேயே கொடுங்கள். "இதுல வெல்டர்னு எங்க இருக்கு, எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் தொழில் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. உங்கள் மாமியார் விஷயம் புரியாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவர் இறந்த மூன்றாம் மாதமே வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தவர் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை இந்தக் கூட்டத்தில் முதலில் உங்கள் பக்கம் நிற்கப் போகிறவர் அவராகவே இருக்கலாம்.

நேரில் காகிதங்களைக் காட்டிப் பேச வேண்டுமென்றால் வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. போகும்போது விசா, டிக்கெட், அந்தப் பவர் வரைவு, அடகுச் சீட்டு, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

இன்று ராத்திரி மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் விளையாடட்டும், தடுக்காதீர்கள். "எதுக்குப் போறீங்க?" என்று அவள் கேட்கும்போது, "வெல்டிங் வேலைக்கு" என்று உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். சரியான விசா வந்து மீனம்பாக்கத்தில் நிற்கும் நாளிலும் அவர் சொல்லப் போகிற பதில் அதுதான்.